எத்தனை குச்சி, முதலில் சொல்லுங்க

கடலோர ஊரான கிள்ளையில் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போய்விட்டு, துணை சுகாதார நிலையத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மீன் கூடையோடு வந்த பெண் கூப்பிட்டாள்.

"யக்கா, ஒத்தச் செருப்ப வுட்டுட்டுப் போறீங்களே."

திரும்பிப் பார்த்தேன். இடது செருப்பு பத்தடிக்குப் பின்னால் கிடந்தது. பகல் பதினொரு மணி வெயில், தார்ச் சாலை. அந்தப் பத்தடியும் வெறுங்காலால் நடந்திருக்கிறேன். சூடு தெரியவில்லை. அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். அப்போது பதினாறு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுவந்தேன். வீடு சிதம்பரத்தில். கணவர் சேகர் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. என் ஊசியைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. "ராணி அக்கா போட்டா புள்ளைக்கே தெரியாது" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

அன்று மாலை இரண்டு பாதங்களும் மரத்திருந்தன. மறுநாள் பேருந்துப் படியில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு நான்கு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. வைட்டமின் குறைவு என்று நானே முடிவுசெய்து, நானே மாத்திரையும் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் கணவரைக் கூப்பிட்டேன்.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

"பி12 கொறஞ்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாப்பூடும். எனக்குத் தெரியாதா?"

"ஒனக்குத் தெரியும். ஒன் காலுக்குத் தெரியலையே."

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ஜாக்கெட் கொக்கியை விரல்களால் பிடிக்க முடியாமல் போன பிறகுதான் போனோம். இதைப் படிப்பவர்களில் மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், அந்த இரண்டு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவள் என்ற எண்ணம்தான் அந்த இரண்டு நாளையும் தின்றது.

சிதம்பரத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் மருத்துவர் என் முழங்காலை ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. கணுக்காலிலும் முழங்கையிலும் தட்டினார். எதுவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நானே பல பேரிடம் காட்டியிருக்கிறேன்.

"சிஸ்டர், நீங்க இந்தத் துறையிலயே இருக்கீங்க. அதனால நேராவே சொல்றேன். இது கில்லன் பாரே மாதிரி தெரியுது." (நம்முடைய நோய் எதிர்ப்புச் சக்தியே நம் நரம்புகளைத் தாக்கும் நோய். வயிற்றுப்போக்குக்குப் பின் வருவதுண்டு. பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும்.) "ஒரு மூச்சு இழுத்துக்கிட்டு, விடாம ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க."

இருபத்தாறு வரை எண்ணினேன்.

முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து நாள் ஏற்ற வேண்டும். இடையிடையே வந்து எண்ணச் சொன்னார்கள். இருபத்தொன்று. பதினாறு. மறுநாள் பதினொன்று. எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால், ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு எண்களைத் திருட்டுத்தனமாகப் பாதி மூச்சில் சொல்லப் பார்த்தேன். ஒன்பதுக்கு வந்தபோது தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் (செயற்கை மூச்சுக் கருவி) இணைத்தார்கள்.

பத்து நாள் அதில் இருந்தேன்.

நினைவு முழுக்க இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கண்ணை மேலும் கீழும் ஓட்ட முடிந்தது, அவ்வளவுதான். மூக்கின் மேல் ஒரு முடி விழுந்து கிடந்தது. பாதி நாள் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அறையில் வேலை பார்த்த எல்லோரும் நல்லவர்கள். சொல்லாமல் திருப்புவார்கள், சொல்லாமல் துடைப்பார்கள். வேலை அதிகம், நேரம் இல்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

குழாய்க்குள் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நேரத்தில் மூச்சு நிற்பது போலிருக்கும். யாராவது பக்கத்தில் வந்தாலே இதயத்துடிப்பு எகிறும், கருவி கத்தும்.

ஜெபமணி என்ற செவிலியர் மூன்றாம் நாள் பணிக்கு வந்தார். குனிந்து என் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

"சிஸ்டர், சளி எடுக்கணும். இப்பவே எடுக்கட்டுமா, கொஞ்சம் பொறுத்து எடுக்கட்டுமா? இப்பன்னா மேல பாருங்க. பொறுத்துன்னா கீழ பாருங்க."

நான் கீழே பார்த்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கேட்டார். மேலே பார்த்தேன். எடுத்தார். வலி அதே வலிதான். மூச்சு முட்டியதும் அப்படியேதான். ஆனால் கருவி கத்தவில்லை.

அந்த உடம்பில் எனக்கென்று இருந்த ஒரே ஒரு வேலை அது. எப்போது என்று சொல்வது. அதற்காக அவருடைய பணி நேரம் வரும்வரை காத்திருக்கத் தொடங்கினேன்.

எட்டாம் நாள் கருவியிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். சொந்தமாக எவ்வளவு நேரம் மூச்சு விடுகிறேன் என்று பார்ப்பதற்காக. ஏழு நிமிடத்தில் வியர்த்து, கண் இருண்டு, மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. மருத்துவர் அளவுகளைப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிஜன் கொறையவே இல்ல. தசைக்குத் தெம்பு வந்துருக்கு. பயந்துட்டீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பயப்படாமல் என்ன செய்வது என்று கேட்க வாய் இல்லை.

பத்தாம் நாள் மறுபடி. இந்த முறை ஜெபமணி கருவியின் குழாயைக் கையில் பிடித்தபடி கட்டிலை ஒட்டி நின்றார். "போதும்னு தோணுச்சுன்னா மேல பாருங்க. அந்த நிமிஷமே மாட்டிடுறேன். டாக்டர்கிட்டகூட கேக்க மாட்டேன்."

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. இன்னும் ஒரு நிமிடம் போகட்டும், பிறகு மேலே பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்படியே தள்ளித் தள்ளி ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கடைசிவரை மேலே பார்க்கவில்லை. அன்று மதியம் தொண்டைக் குழாயை எடுத்தார்கள்.

வெளியில் காத்திருந்த சேகர் உள்ளே வந்து என் காலருகில் நின்றார். பேசத் தெரியாமல், "வீட்டு ஃப்ரிட்ஜு ரிப்பேராயிடுச்சு" என்றார். நான் சிரித்தேன். முகம் ஒரு பக்கம் மட்டும்தான் சிரித்தது என்று பிறகு சொன்னார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நீளம். அதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. ஆகவே நான் சொல்லி வைக்கிறேன். உயிர் பிழைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். மிச்சம் மாதக் கணக்கில் கிடக்கும்.

எங்கள் வீடு மாடியில் இருந்ததால் என்னைக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சக்குப்பத்தில் அக்கா வீடு கீழ்த்தளம். பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் தசைகளைப் பழக்கும் மருத்துவம்) நிலையமும் பக்கம். அக்கா என்னைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டாள். ஊட்டினாள், தலை வாரினாள், டம்ளரை வாயில் வைத்துப் பிடித்தாள். நான் கையை நீட்டினாலே, "நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்" என்பாள்.

பயிற்சி நிலையத்தில் இஸ்மாயில் என்பவர் எனக்குப் பொறுப்பு. முதல் நாள் ஒரு பலகையை முன்னால் வைத்தார். அதில் வரிசையாகத் துளைகள். பக்கத்துக் கிண்ணத்தில் சிறு மரக்குச்சிகள்.

"ரெண்டு நிமிஷத்துல எத்தன குச்சி செருவுவீங்க? மொதல்ல சொல்லுங்க, அப்பறம் செய்யுங்க."

"முப்பது."

பதினொன்று செருகினேன். அவர் ஒரு தாளில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். அடுத்த வாரம் இருபத்தைந்து சொன்னேன். பன்னிரண்டு வந்தது. ஊசி போட்ட கை எனக்கு. குறைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாய்தான் ஒரு நாள் காலையில் என்னைத் தள்ளியது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். கட்டிலிலிருந்து குளியலறை எட்டடி. வாக்கரை (பிடித்து நடக்கும் நாலுகால் சட்டம்) எடுக்காமல் போனேன். ஐந்தாவது அடியில் வலது முழங்கால் மடங்கியது. கதவு நிலையில் வாய் மோதி, முன்பல் ஒன்று உடைந்தது. அக்கா வரும்வரை ஈரத் தரையில் கிடந்தேன். தரை குளிர்ந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியாது. ரத்தத்தின் ருசி மட்டும் தெரிந்தது.

அதற்குப் பிறகு பலகையின் முன்னால் உட்கார்ந்தபோது, "அஞ்சு" என்றேன்.

பத்தொன்பது வந்தது.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இஸ்மாயிலுக்கு இல்லை. "ரெண்டுமே தப்புதான் மேடம். அன்னைக்கு ஜாஸ்தி, இன்னைக்குக் கம்மி."

"கம்மியா சொன்னா என்ன நஷ்டம்?"

"நஷ்டம் இருக்கு. மொத குச்சிய எடுக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் கைய கிண்ணத்துமேலயே வச்சிருந்தீங்க, பாத்தீங்களா? எடுத்ததுக்கப்பறம் நல்லாத்தான் போவுது. எடுக்கவே மாட்டேன்றீங்க. எனக்கு இந்த ரெண்டு நம்பரும் கிட்ட கிட்ட வரணும். அம்பது குச்சி எல்லாம் வேணாம்."

அவர் சொன்னதை நம்பவில்லை. ஆனால் வீட்டில் கவனித்தேன். பயிற்சி நிலையத்தில் டம்ளரைத் தூக்கும் அதே கை, அக்கா எதிரில் இருந்தால் தூக்கவில்லை. அக்கா பார்க்கும் பார்வையில், விழப்போகிறது என்று டம்ளருக்கே தெரிந்துவிடும்.

ஒருநாள் ஜாக்கெட் கொக்கியைப் போட அவள் குனிந்தபோது கத்திவிட்டேன்.

"வுடுக்கா! நான் என்ன பொணமா?"

அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "வுழுந்து கெடந்தியேடி. பல்லு ஒடஞ்சி, வாயெல்லாம் ரத்தம். நான் வேற என்னா பண்ணட்டும்?"

பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தாள். "போடு. நான் கைய எடுக்கல." நான்கு கொக்கிகள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது கொக்கியில் நான் அழுதேன். அவள் கையை எடுக்கவில்லை. அதைவிடக் கடினமான வேலையை என் அக்கா எனக்காகச் செய்ததில்லை.

பராமரிப்பவர்கள் இதைப் படித்தால், எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். செய்துகொடுப்பது எளிது. உட்கார்ந்திருங்கள்.

மாதங்கள் போயின. எத்தனை என்று கேட்டால் கணக்குச் சொல்வேன், ஆனால் அவை ஒரே நீண்ட மதியம் போலத்தான் நினைவில் இருக்கின்றன. இருபத்திரண்டு சொன்னேன், இருபது வந்தது. இருபத்தைந்து சொன்னேன், இருபத்தேழு வந்தது. சிதம்பரம் திரும்பினேன். மாடி ஏறினேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துக் கிள்ளைக்கு வேலைக்குப் போனேன்.

பக்கத்துத் துணை நிலையத்திலிருந்து மேரி என்ற செவிலியர் எனக்குப் பதிலாக வந்துகொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். புதன்கிழமை தடுப்பூசி நாள். அவர் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுப் பதிவேட்டின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் கலைச்செல்வி. அவளுடைய மூத்த பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டவள் நான். ஒன்றரை மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துத் தொடையைக் காட்டினாள். மருந்தை எடுத்தேன். தொடையைப் பிடித்தேன். கை ஆடியது. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி கொண்டுபோனேன். ஊசி முனை காற்றில் சிறு வட்டமாகச் சுற்றியது. குழந்தை அழவில்லை. தாய்தான் பார்த்தாள்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. மேரி அக்காவே போடட்டுமே."

ஊசியை மேரியிடம் கொடுத்தேன். அன்று முழுக்கப் பதிவேட்டை எழுதினேன். எழுத்து ஆடவில்லை.

பேருந்தில் திரும்பும்போது அதைத்தான் யோசித்தேன். பயிற்சி நிலையத்தில் பிடிமானத்தை அளக்கும் கருவி என் கைக்கு நல்ல அளவே காட்டியது. பேனா பிடித்தது, காய் நறுக்கியது. இந்த ஒரு வேலையில் மட்டும் வரவில்லை. நான் நன்றாகச் செய்கிறேன் என்று பேர் வாங்கிய ஒரே வேலையில்.

சேகரிடம் சொன்னேன். அவர் ஒரு கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஏணியிலேர்ந்து நான் வுழுந்தேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்பறம் தெரிஞ்ச வீட்டுக்கு ஏசி மாட்டப் போனாத்தான் காலு நடுங்கும். தெரியாத வீட்டுல நடுங்காது."

"அது எப்டி?"

"தெரிஞ்சவங்க கீழ நின்னு பாப்பாங்க."

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மேரியிடம் பேசினேன். கூட்டமாக வரும் தாய்மார்களில் என்னை முன்பு தெரியாதவர்களை மட்டும் என்னிடம் அனுப்பச் சொன்னேன். தொடை ஊசி மட்டும். கையில் தோலுக்குள் மட்டும் படும்படி, கொசுக்கடித் தடிப்பு எழும்பப் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு. அது நுட்பமான வேலை. அதை மேரியே பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

"எத்தன பேர அனுப்பட்டும், ராணி?"

"மூணு."

மூன்று பேருக்குப் போட்டேன். முதல் ஊசியில் கை ஆடியது. ஆடிய கையோடு, தொடையின் மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு போட்டேன். குழந்தை வீறிட்டது. எல்லாக் குழந்தைகளையும் போல. அந்தத் தாய்க்கு நான் யார் என்று தெரியாது. அவள் பார்த்தது ஒரு செவிலியர் ஊசி போட்டதை மட்டும்தான். மூன்றாவதில் ஆட்டம் குறைந்திருந்தது.

நம்பிக்கை வந்ததும் வேலையைத் தொடலாம் என்று காத்திருந்தவள் நான். அப்படி ஒரு நாள் வரவில்லை. மூன்று, பிறகு ஐந்து, பிறகு எட்டு என்று போட்டேன். நம்பிக்கை எப்போதும் ஒரு வாரம் பிந்தியே வந்தது. சில வாரம் வரவே இல்லை. அப்போதும் போட்டேன்.

இப்போது ஊசி போடுமுன் தாய்மார்களிடம் கேட்கிறேன்: "மடியில வச்சிக்கிறீங்களா, தோள்ல சாய்ச்சிக்கிறீங்களா? இப்பவே போடட்டுமா?" சிலருக்கு இந்தக் கேள்வியே எரிச்சல். சிலர் பிள்ளையை இரண்டு நிமிடம் தட்டிக்கொடுத்துவிட்டு, பிறகு தலையாட்டுவார்கள்.

கலைச்செல்வி இன்றும் மேரியிடம்தான் போகிறாள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள், வீட்டார் பிடித்த நண்டை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து தருவாள். குழந்தையைத் தரமாட்டாள். முன்பு வலித்தது. அவள் பார்த்தது உண்மை. அவள் கண்ணை நான் குறை சொல்ல முடியாது.

நன்றாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மருத்துவர் தாளில் ஆம் என்றிருக்கிறது. பாதத்தில் இன்னும் துணி சுற்றியது போலத்தான் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து நிலையம் வரை முன்பு பத்து நிமிடம். இப்போது இருபது. அந்த அதிகப்படி பத்து நிமிடத்தை முதலில் திட்டிக்கொண்டே நடந்தேன். இப்போது திட்டுவதற்கும் அலுப்பாக இருக்கிறது. பெரும்பாலும் களைப்புதான். தூங்கி எழுந்தாலும் போகாத, எலும்புக்குள் ஊறிய களைப்பு. அதற்கு மருந்து இல்லை என்று சொன்னார்கள். நேரத்தைப் பகுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

முன்பெல்லாம் வரிசை முடியும்வரை வேலை பார்ப்பேன். இப்போது பதினொன்றரை மணி வாக்கில் கட்டைவிரல் சொல்லிவிடும். ஊசியின் பின்பகுதியை அழுத்த ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கும். அதற்கு மேல் ஒன்றுகூடப் போடுவதில்லை. எழுந்து நாற்காலியை மேரிக்குக் கொடுத்துவிடுவேன். வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

போன புதன்கிழமை ஒரு இளம் தாய், புதிதாக இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், ஊசி முடிந்ததும் அட்டையை நீட்டினாள். அடுத்த தேதியை எழுதினேன்.

"அடுத்த மாசமும் நீங்கதானே யக்கா போடுவீங்க? ஒங்க கிட்டன்னா இவன் ஜாஸ்தி அழுவல."

பதினாறு ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் "நான்தான்" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம் என்பது எனக்கு அட்டையில் ஒரு கட்டம், அவ்வளவுதான். இப்போது நான்கு புதன்கிழமைகளும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றின் காலைப் படிக்கட்டும், நடையும், கட்டைவிரலும்.

"காலையிலயே வந்துடு" என்றேன். "பத்து மணிக்குள்ள வந்தீன்னா நான்தான்."